ராகியும் மாமனார் கட்டிலும்

தை பிறந்ததிலிருந்து சௌந்தர்யாவின் காலை ஈரப் படுக்கையில்தான் தொடங்கியது. எழுந்ததும் அடுப்புப் பக்கம் போகமாட்டாள். நேரே முன்னறைக்குப் போய், மாமனார் படுத்திருக்கும் கட்டிலின் கால்மாட்டில் கையை வைத்துப் பார்ப்பாள். சில்லென்றிருந்தால் அன்றைக்கு ஒரு பக்கெட் துணி கூடுதல். விரிப்பு, அதற்குக் கீழே போட்ட பழைய சேலை, சில நாள் போர்வையும் சேர்ந்துகொள்ளும். வாஷிங் மெஷின் கார்த்திகையிலேயே நின்றுபோயிருந்தது. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கும்மிக் கும்மித் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். காய்ந்த துணியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் ஒரு கறை நிற்கும். எல்லாம் இந்த உப்புத் தண்ணீரால் வருவது என்று நினைத்துக்கொள்வாள்.

அதற்குப் பிறகு சமையல், மகளைப் பள்ளிக்கு அனுப்புவது, மாமனாருக்கு மாத்திரை. அப்புறம் ஆட்டையாம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். அங்கே ஒரு துண்டு கம்பெனியில் ஓரம் அடிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. பொழுதோட வீடு வந்து சேரும்போது கால் இரண்டும் வேறு யாருடையவோ போலிருக்கும்.

மாமனார் தங்கசாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. மல்லசமுத்திரத்துக்கு வெளியே சொந்தத் தோட்டத்தில் வரப்பு வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் நடப்பார். யாரையும் எதற்கும் கூப்பிட மாட்டார். மகன் மோகன்குமார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கர் பக்கம் போர் போடப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். தீபாவளிக்கு வந்தபோதுதான் மகள் தனப்பிரியாவுக்காகச் சேலத்தில் ஒரு முயல்குட்டியை வாங்கி வந்தான். கேழ்வரகு மாவைப் பூசியது போல ஒரு நிறம். ஆறாம் வகுப்புப் படிக்கும் தனப்பிரியா அதற்கு ராகி என்று பேர் வைத்தாள். ஆண் குட்டி என்று விற்றவன் சொன்னானாம். பேர் வைத்துவிட்டு அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள், வாங்கி வந்தவன் ரிக்குக்குப் போய்விட்டான். முயலுக்குப் புல் போடுவதும், அதன் தட்டில் காகிதம் மாற்றுவதும் சௌந்தர்யா தலையில் விழுந்தது. ஆனாலும் முயல் நல்ல முயல். வந்த ஒரே வாரத்தில் பாத்ரூம் மூலையில் வைத்த தட்டில்தான் போகவேண்டும் என்று கற்றுக்கொண்டது. மற்ற நேரம் தங்கசாமியின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அவர் கை நீட்டினால் மேலே தாவி ஏறி அவர் காலோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

முதல் நாள் விரிப்பு நனைந்திருந்தபோது சௌந்தர்யா ஒன்றும் சொல்லவில்லை. வயசானவர், ஏதோ ஒரு நாள் என்று விட்டுவிட்டாள். தொடர்ந்து நனையத் தொடங்கியதும் சொன்னாள்.

“மாமா, ராத்திரி எந்திரிக்கோணும்னா ஒரு சத்தம் கொடுங்க. நா வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“எனக்கு வந்த மாதிரியே தெரியிலியே சாமி” என்றார் அவர்.

“தெரியாமத்தானுங்க போயிருது.”

அவர் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு மாரக்காள் வேலியோரம் நின்று கொடியைப் பார்த்தாள். “என்ன சௌந்தரி, அன்னாடும் பெட்ஷீட்டா காயுது? பெரியவருக்கு நிக்கறதில்லையா?” என்று கேட்டாள். மெதுவாகக் கேட்டதாக அவளுக்கு நினைப்பு. ஜன்னல் திறந்திருந்தது. சௌந்தர்யா திரும்பிப் பார்த்தபோது தங்கசாமி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் கணவனுக்குப் போன் செய்தாள். பின்னால் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது.

“அப்பாவுக்கு டயப்பர் போடோணும் போலிருக்குதுங்க.”

“என்னது?”

“டயப்பருங்க!”

“உனக்குத் தோணறதப் பண்ணு கண்ணு. இங்க பைப்பு எறக்கிட்டிருக்கறோம், பொறவு பேசறேன்” என்று வைத்துவிட்டான்.

மெடிக்கலில் பேண்ட் மாதிரி மாட்டிக்கொள்ளும் டயப்பர் வாங்கி வந்து கட்டில்மேல் வைத்தாள். அதை எப்படிப் போடுவது என்று சொல்ல நாக்கு வரவில்லை. பொட்டலத்தில் படம் போட்டிருந்தது. அவரே அதைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொண்டார். மறுநாள் காலையிலும் விரிப்பு ஈரம்.

“இது காஞ்சுதான் இருக்குது சாமி” என்றார் அவர். இடுப்பைத் தொட்டுக் காட்டக்கூடக் கூசினார்.

முந்தின நாள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்த உடம்பு அவளுக்கு. மகளின் டிபன் பாக்ஸ் வேறு காணோம். “ராத்திரி கழட்டி வெச்சுட்டுப் படுத்தா பின்ன எப்படீங்க மாமா? நா ஒருத்தி எத்தனையத்தான் தொவைக்கறது?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இதற்கு நடுவே முயலும் மாறிப்போயிருந்தது. நடந்தால் காலைச் சுற்றிச் சுற்றி ஓடியது, தொண்டைக்குள் ஒரு உறுமல் வேறு. தனப்பிரியா புல் வைக்கப் போனால் கையைக் கடித்தது. கதவு, நாற்காலிக் கால், வாக்கர் எல்லாவற்றிலும் தாடையைத் தேய்த்துக்கொண்டே போகும். ஒருநாள் பார்த்தால், வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு, தன் நெஞ்சு மயிரைத் தானே பிய்த்துக் கட்டிலுக்கடியில் குவித்து வைத்திருந்தது. ஏதோ சீக்கு வந்துவிட்டது, இதையும் பார்க்கவேண்டுமே என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

தங்கசாமி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. காலையில் வைத்த சொம்பு ராத்திரியும் நிறைந்தே இருந்ததைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாருக்கு நேரம்? ஒரு மத்தியானம் கம்பெனிக்கே போன் வந்தது. மாரக்காள்தான் பேசினாள். பாத்ரூம் வாசலில் பெரியவர் மயங்கி விழுந்து கிடக்கிறார் என்றாள்.

நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். நீர்ப்பையில் கிருமி சேர்ந்திருக்கிறது, உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பெரியவர் குடிக்கிறாரா இல்லையா என்று டாக்டர் கேட்டார். “குடிச்சாத்தான டாக்டர் வம்பு” என்று தங்கசாமி கண்ணை மூடியபடியே சொன்னார். சௌந்தர்யா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அன்று ராத்திரி அவள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். தனப்பிரியா மாரக்காள் வீட்டில் படுத்துக்கொண்டாள். விடிந்ததும் மாமனாருக்கு மாற்று வேட்டி எடுக்க வீட்டுக்கு வந்தவள், பழக்கதோஷத்தில் கட்டிலின் கால்மாட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

ஈரம்.

கையை எடுத்து முகர்ந்தாள். மூக்கில் ஏறும் காரமான நெடி. நேற்று மத்தியானம் அவர் விழுந்ததிலிருந்து அந்தக் கட்டிலில் ஆள் இல்லை. அவள் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தபோது ராகி கட்டிலுக்கடியிலிருந்து வந்து மேலே தாவியது. அவளைச் சட்டை செய்யாமல் விரிப்பில் ஒரு வட்டம் சுற்றியது. பின்பக்கத்தைத் தூக்கி, வாலை நிமிர்த்தி, சர்ரென்று அடித்துவிட்டு இறங்கிப் போனது. தெறித்த துளிகளில் சில அவள் கைமேலேயே விழுந்தன. சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையாக இருந்தன.

சௌந்தர்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லாமல் மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்று, “மாமா, அது நீங்க இல்லீங்க” என்றாள்.

“எது சாமி?”

“படுக்கைய நனைச்சது. ராகிதானுங்க. என்ற கண்ணாலயே பாத்தேன்.”

அவர் அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்படியா” என்றார். தலைமாட்டிலிருந்த டம்ளரைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தாள். மடக் மடக்கென்று முழுவதையும் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. அவள் வெளியே போய் வராந்தாவில் நின்றாள்.

மாமனாரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் முயலை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தாள். மாரக்காள் தயாராக இருந்தாள். “எங்கிட்டக் கொடுத்துப்போடு. நல்லா ரெண்டு கிலோ தேறும். ஞாயித்துக்கெழம மருமவன் வாரான், வறுத்துப் போட்டர்றேன்” என்றாள். தனப்பிரியா முயலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். அது அவளையும் கடித்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடியது.

கட்டிலில் இருந்தபடியே தங்கசாமி, “அது இங்கயே இருக்கட்டும்” என்றார்.

“இந்தப் பாடு படுத்துதுங்களே மாமா. அதால தானுங்க உங்களுக்கு இத்தனையும்!”

“அது எம்மேல பழி போடுலியே சாமி.”

சத்தம் போடாமல்தான் சொன்னார். மாரக்காள் கூடத் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டாள். சௌந்தர்யாவுக்குக் காது இரண்டும் கொதித்தது. அதன்பிறகு முயலைக் கொடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

முயலை என்ன செய்வது என்று கேட்கப் போனபோது உள்ளூர் மாட்டு டாக்டர், ஆபரேஷன் செய்தால் அடங்கலாம், ஆனால் தனக்கு ஆடு மாடுதான் கைவந்தது, சின்ன உயிருக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, முயல் பார்ப்பவர்களிடம் போங்கள் என்று சேலத்தில் ஒரு டாக்டரம்மாவின் பேரைச் சொன்னார். வார விடுமுறையை விட்டுக்கொடுத்துச் சௌந்தர்யா போனாள். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் முயல். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கூடையை எட்டிப் பார்த்து, “கறிக்குங்களா?” என்றார். “ஆஸ்பத்திரிக்குங்க” என்றாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் சித்ராவுக்கு அவள் வயதுதான் இருக்கும். முயலைத் துண்டில் சுற்றி மல்லாத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “யாரு ஆண்னு சொன்னது? இது பொண்ணுங்க. வயசுக்கு வந்திருக்கு.”

மயிரைப் பிய்த்துக் கூடு கட்டியது சினை பிடித்ததாக ஏமாந்துபோனதாலாம், உடம்பில் ஊறும் சுரப்பு படுத்தும் பாடு. கடிப்பதும் உறுமுவதும் அதனால்தான். “மூத்திரம் அடிக்கறது கெட்ட பழக்கம் இல்லைங்க. இது என்னோட எடம்னு அடையாளம் வெக்குது. மெத்துனு இருக்கற எடமாப் பாத்துப் போகும். வீட்ல யாரோட ரொம்ப ஒட்டுதோ அவங்க படுக்கைதான் முதல்ல நனையும்.”

கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் இது அடங்கும் என்றார். எடுக்காமல் விட்டால் வயதான பெண் முயல்களுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வருவது சகஜமாம். சௌந்தர்யா கேட்டது ஒன்றுதான். “பண்ணுனதும் நின்னுருங்களா?”

“உடனே நிக்காது. ரத்தத்துல ஊறினது வடியறதுக்குச் சில வாரம் ஆகும். சில முயலுக்குப் பழக்கமாவே ஒட்டிக்கும். அதனால படுக்கைப் பக்கம் கொஞ்ச நாள் விடாதீங்க. நனைஞ்ச எடத்த வினிகர் போட்டுத் தொடைங்க, வாசம் இருந்தா திரும்ப அங்கயேதான் வரும்.”

இன்னும் சில வாரம். அவள் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இதுவரை தினம் ஒன்றாகத் துவைத்தாள், இன்னும் கொஞ்சம் துவைக்கவேண்டும். அவ்வளவுதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஆபரேஷன் நாளன்று வெறும் வயிற்றோடு கொண்டுவர வேண்டாம், முயலுக்கு வாந்தி வராது, வயிறு காலியானால்தான் ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பஸ் ஏறும்வரை வேலிமசால் தழையைத் தின்றுகொண்டே வந்தது. காலையில் விட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டி வந்தாள். கூடைக்குள் அது துணிப்பொம்மை போலக் கிடந்தது. அடிவயிறு வழித்து, சின்னதாக ஒரு தையல். தையலைக் கடித்துவிடாமல் இருக்க, தனப்பிரியாவின் பழைய பனியனிலிருந்து கை வெட்டி, நான்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டாள்.

சீக்கிரம் அது தின்னவேண்டும், புழுக்கை போடவேண்டும், இல்லாவிட்டால் குடல் நின்றுவிடும் என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். வலிக்கு மருந்தும், கரைத்து ஊட்டப் புல்தூளும், ஊசி இல்லாத சிரிஞ்சும் கொடுத்திருந்தார். மறுநாள் சௌந்தர்யா வேலைக்கு லீவு சொன்னாள். கட்டிலோரம் கோணியை விரித்து முயலோடு உட்கார்ந்தாள். தங்கசாமி மேலே உட்கார்ந்திருந்தார். கொத்தமல்லித் தழையை நீட்டினால் மூக்கைத் திருப்பிக்கொண்டது. வாயோரத்தில் சிரிஞ்சை வைத்து ஊட்டினால் பாதி தாடையில் வழிந்தது. மத்தியானம் ஆயிற்று. தட்டில் ஒரு புழுக்கை இல்லை.

“பண்ணியிருக்கக் கூடாதோ என்னமோ மாமா. நல்லா ஓடிட்டிருந்தத அறுத்து இப்படிக் கெடத்தியாச்சு.”

“உசுருக்கு நல்லதுன்னுதான செஞ்சே. கொழுக்கட்டைப் புல்லு காஞ்சது இருந்தா கொடுத்துப் பாரு.”

வெயிலில் எழுந்துபோய்ப் பக்கத்துக் காட்டில் ஆட்டுக்குப் போட்டு வைத்திருந்த புல்போரிலிருந்து ஒரு பிடி உருவி வந்தாள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மின்விசிறி கிறீச்சிட்டது. எவ்வளவோ நாளாகச் சொல்ல நினைத்ததை அப்போதுதான் சொன்னாள்.

“நீங்க சொன்னத நா நம்பியிருக்கோணுங்க மாமா. காஞ்சிருக்குதுன்னு சொன்னீங்க. நா என்னென்னவோ பேசிப்போட்டேன்.”

தங்கசாமி புல்லிலிருந்து ஒரு இணுக்கை எடுத்து விரலில் சுற்றினார். “நானே என்னைய நம்புல சாமி. கையில தொட்டுப் பாத்தும் நம்புல. வயசாயிருச்சு, இனி இப்படித்தான்னு நெனச்சுப்போட்டேன். உன்னைச் சொல்லி என்னாகுது? ஆனா அவகிட்டச் சொல்லியிருக்க வேண்டாம்.”

மாரக்காளைத்தான் சொல்கிறார். “நா சொல்லுலீங்க. கொடியப் பாத்துட்டு அவங்களாவே கேட்டாங்க.”

“அப்படியா?”

“ஆமாங்க. நா வாயே தொறக்கல.”

அது அவருக்குப் பெரிய சமாதானமாக இருந்திருக்கவேண்டும். நெடுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். சௌந்தர்யா டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். “ரொம்ப ஒட்டுன ஆளு படுக்கைதான் மொதல்ல நனையுமாங்க மாமா. உங்களத் தன்ற சொத்துன்னு முத்திரை குத்தியிருக்குது.”

“கெரகம்! பெத்த மவனே அப்படி நெனைக்கல” என்று அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். சௌந்தர்யாவுக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கறுக்மொறுக்கென்று ஒரு சத்தம். கோணியில் கிடந்த புல்லை ராகி படுத்தபடியே ஒரு பக்கமாக இழுத்து மென்றுகொண்டிருந்தது. பள்ளிவிட்டு வந்த தனப்பிரியா தட்டைப் பார்த்துவிட்டு, “அம்மா, புழுக்கை! புழுக்கை போட்டிருக்குது!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

டாக்டர் சொன்னது போலவே மூத்திரம் அடிப்பது உடனே நிற்கவில்லை. தையல் ஆறி, பனியனைக் கழற்றிய பிறகும் ஏறி வந்து நனைத்தது. சௌந்தர்யா மெத்தைமேல் ரெக்ஸினைப் போட்டு, அதன்மேல் விரிப்பு போட்டாள். கட்டிலைச் சுற்றிக் கம்பி வலை வைத்தாள். தங்கசாமி அதைத் தாண்டிப் போக வரச் சிரமப்பட்டார். ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை. முயலோடு இருக்க விரும்பும்போது அவரே வாக்கரைப் பிடித்து நாற்காலிக்கு வந்துவிடுவார். வீடு முழுக்க வினிகர் நெடி அடித்தது. ஒரு வாரம் ஒன்றும் இல்லாமல் இருக்கும், இனி நின்றுவிட்டது என்று நினைக்கும்போது சோபாவில் ஒரு வட்டம் தெரியும். சௌந்தர்யா துணியை எடுப்பாள். கோபப்படக்கூடச் சக்தி வேண்டுமே. பங்குனி போனது. கடிப்பது முதலில் நின்றது. பிறகு காலைச் சுற்றி ஓடுவது குறைந்தது. நெஞ்சில் பிய்த்த இடத்தில் புது மயிர் முளைத்து மூடியது. எந்த நாளில் கடைசியாக நனைத்தது என்று பிறகு யோசித்தால் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

தங்கசாமிக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக நாள் பிடித்தது. எழுந்ததும் யாரும் பார்க்காதபோது உள்ளங்கையால் விரிப்பைத் தடவிப் பார்ப்பார். சௌந்தர்யா அதைச் சமையலறையிலிருந்து பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் இருப்பாள். மோகன்குமார் போனில் விசாரித்தபோது, “அப்பாகிட்டயே பேசுங்க. எங்கிட்டக் கேட்டா எப்படி?” என்று போனை அவரிடம் கொடுத்தாள். அப்பாவும் மகனும் முயலைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைக்க எதுவும் இல்லை. கொடி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. சமையலை முடித்துவிட்டுச் சற்றே காலை நீட்டலாம் என்று முன்னறைத் தரையில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். தனப்பிரியா எழுப்ப வந்தபோது தங்கசாமி கையமர்த்தினார். “அம்மாவ எழுப்பாத சாமி. சோத்தை நாமளே போட்டுத் திங்கலாம்” என்று வாக்கரைப் பிடித்து எழுந்து, பேத்திக்குப் பின்னாலேயே மெல்லச் சமையலறைக்கு நடந்தார்.